விகுதி பேசும் மொழிகள்

‘வந்தேன்’ என்று ஒருவர் கூறினால், ‘வந்தவர் யார்?’ என்று நாம் கேட்பதில்லை. ‘ஏன்’ என்னும் விகுதியே ‘நான்’ என்பதை உணர்த்திவிடுகிறது. இவ்வாறு மறைந்து நிற்கும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்கிறோம். நாம் பள்ளியில் பயிலும் மலாய் மொழியிலோ, ‘சாயா மாக்கான்’, ‘டியா மாக்கான்’ என, நான் உண்டாலும் அவன் உண்டாலும் வினைச்சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்திலும் மாற்றம் மிகச் சிறிதே. ஆதலின், விகுதிகளைக் கற்பது தமிழ் மாணவர்க்கு மட்டும் நேர்ந்த சுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு ஸ்பானிய மொழி நல்ல சான்றாகும்.

ஸ்பெயினிலும், மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா முதலிய நாடுகளிலும் வழங்கும் மொழி இது. 1492ஆம் ஆண்டிலேயே அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் இதற்கு இலக்கண நூல் இயற்றி வெளியிட்டார். இம்மொழியில் ஒழுங்கான வினைகள் நிகழ்காலத்தில் எவ்வாறு அமைகின்றன என்பதை இங்குக் காண்போம்.

ஸ்பானிய அகராதியில் வினைச்சொற்கள் ‘ஆர்’, ‘ஏர்’, ‘இர்’ என்னும் மூன்று ஈறுகளுள் ஒன்றைப் பெற்று நிற்கும். ‘மிரார்’ என்றால் பார்த்தல். ‘கோமேர்’ என்றால் உண்ணுதல். ‘ஊனிர்’ என்றால் இணைத்தல். ஈற்றை நீக்கினால் ‘மிர்’, ‘கோம்’, ‘ஊன்’ என்னும் பகுதிகள் கிடைக்கும். அவற்றோடு இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ற விகுதியைச் சேர்த்தல் வேண்டும்.

நான் – மிரோ, கோமோ, ஊனோ
நீ – மிராஸ், கோமேஸ், ஊனேஸ்
அவன், அவள், அது – மிரா, கோமே, ஊனே
நாம் – மிராமோஸ், கோமேமோஸ், ஊனிமோஸ்
நீங்கள் – மிராயிஸ், கோமேயிஸ், ஊனீஸ்
அவர்கள் – மிரான், கோமேன், ஊனேன்

இவ்வட்டவணையை உற்று நோக்கினால் மனப்பாடச் சுமை குறையும். ‘நான்’ என்பதற்கு மூவகை வினைகளும் ‘ஓ’ என்னும் ஒரே விகுதியைப் பெறுகின்றன. ‘ஏர்’ வினைகளும் ‘இர்’ வினைகளும் ‘நாம்’, ‘நீங்கள்’ என்னும் இரண்டு இடங்களில் மட்டுமே வேறுபடுகின்றன.

தமிழோடு ஒப்பிடுவதும் பயன் தரும். ‘பார்க்கிறேன்’ என்பதில் ‘பார்’ பகுதி. ‘கிறு’ காலங்காட்டும் இடைநிலை. ‘ஏன்’ இடங்காட்டும் விகுதி. ‘மிரோ’ என்பதிலோ ‘ஓ’ என்னும் ஓரெழுத்தே காலத்தையும் இடத்தையும் சேர்த்து உணர்த்துகிறது. ஆனால், பார்க்கிறான், பார்க்கிறாள், பார்க்கிறது எனத் தமிழ் பாலைப் பிரித்துக் காட்ட, ஸ்பானியம் மூன்றுக்கும் ‘மிரா’ என்றே கூறும். எனவே, பார்ப்பவர் ஆணா பெண்ணா என்பதை வினையால் மட்டும் அறிய இயலாது.

மரியாதை வழக்கும் அம்மொழியில் உண்டு. பெரியவர் ஒருவரை முன்னிலையில் விளித்துப் பேசும்போது ‘மிராஸ்’ என்னாமல், படர்க்கைக்குரிய ‘மிரா’ என்னும் வடிவையே வழங்குவர். அமெரிக்கக் கண்டத்து நாடுகளில் ‘மிராயிஸ்’ வழக்கில் இல்லை; பலரை விளிக்கும்போது ‘மிரான்’ என்பர்.

தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை, பகுதி, விகுதி ஆகியவற்றைத் தமிழ் வகுப்பில் ஐயமறக் கற்ற மாணவர்க்கு, கடல் கடந்த இம்மொழியின் வாயில் பாதி திறந்தே இருக்கிறது. தாய்மொழி இலக்கணம் பிறமொழி கற்கத் தடையன்று; துணையே ஆகும்.

‘அப்ரெந்தேர்’ என்றால் கற்றல். ‘நாம் கற்கிறோம்’ என்பதை ஸ்பானிய மொழியில் எவ்வாறு கூறுவது? மேலே உள்ள அட்டவணையைப் பார்த்து நாமே அமைப்போம்: ‘அப்ரெந்தேமோஸ்’.