சலப்பைப் புற்றுநோய்: 'மரபணு' என்றதும் பரம்பரையா?

சலத்தோடு நோவில்லாமல் இரத்தம் போனால் நாம் 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கிறோம். ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லவேண்டிய விடயம் இது. சலப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். ஆண்களிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம்; புகைத்தலே முதற் காரணம். சாயத் தொழிலாளரிடம் இந்நோயை ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் லுட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1895இலேயே கண்டு சொன்னார்.

கட்டியை வெட்டிச் சோதித்த அறிக்கையில் 'மரபணு மாற்றம்' என்று இருந்தால் எமது வீடுகளில் வேறொரு பயம் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் வருமா? மகளின் கலியாணப் பேச்சுக் குழம்புமா? இதற்காகவே நோயை மறைப்போரும் எம்மிடையே உண்டு. அம்மாற்றங்கள் பெரும்பாலும் கட்டியின் கலங்களில் மட்டும், இடையில் ஏற்பட்டவை. பிள்ளைக்குப் போவன அல்ல. (பரம்பரையாக வருவது மிகச் சிலருக்கே, அதற்குச் சோதனை வேறு.)

அவை காட்டுவது நோயின் போக்கை. எவ்.ஜி.எவ்.ஆர்.3 மாற்றம் மேலோட்டமான கட்டிகளில் அதிகம். அவை திரும்பத் திரும்ப முளைத்தாலும் தசைக்குள் இறங்குவது குறைவு. ரி.பி.53 பழுதடைவது தசைக்குள் ஊடுருவும் கட்டிகளிலேயே கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் ஒரு மரபணுவை வைத்து யாருக்கும் நாள் குறிக்க முடியாது. கட்டியின் ஆழமும் கலங்களின் தரமுமே இன்றும் முதலில் பார்க்கப்படுகின்றன. முற்றிய நோயில், எவ்.ஜி.எவ்.ஆர். மாற்றம் உள்ளோருக்கென எர்டாபிற்றினிப் என்ற குளிசையை அமெரிக்கா 2019இல் அனுமதித்தது.

இவற்றை வைத்தியரிடம் கேட்கப் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்லாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அறிவியுங்கள்.