செம்பரம்பாக்கம் முதல் சாக்கடை வரை: குழாய்க்குப் பின்னால் ஒரு ரவுண்டு!

மணல் கொதித்துப் பார்த்திருக்கிறீர்களா? குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டும் தொட்டியைக் கழுவும் நேரமாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். மணல் படுகைக்கு அடியிலிருந்து காற்றையும் தண்ணீரையும் மேல்நோக்கிச் செலுத்துவார்கள். அதுவரை சமர்த்தாகக் கிடந்த தொட்டி குபுகுபுவெனப் பொங்கும். மணலில் சிக்கியிருந்த அழுக்கெல்லாம் காப்பிக் கலரில் எழும்பி, ஓரத்து வாய்க்காலில் வழிந்து ஓடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்து, அடியில் இருக்கும் மணல் தெரியும். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய காட்சி!

சென்னையிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு சாலையில் பறப்பவர்களுக்கு இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி இருப்பது தெரியும். அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தகுந்ததாக்க அங்கே ஓர் ஆலையே ஓடுவது எத்தனை பேருக்குத் தெரியும்? 2007-இல் வந்தது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறன். ஏரி முழுக்க நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. ஆவியாவதையும் கசிவதையும் மறந்துவிட்டு ஒரு மனக்கணக்குப் போட்டால், ஆலையை முழு வேகத்தில் ஏறக்குறைய 195 நாள் ஓட்டலாம். கத்திரி வெயில் அப்படியெல்லாம் மறக்க விடாது என்பது வேறு விஷயம்.

2019 ஜூலை 12 ஞாபகமிருக்கிறதா? ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் அம்பத்தூருக்குப் பக்கத்தில் வில்லிவாக்கம் வந்து நின்றது. மாலை, மரியாதை, கேமரா, கூட்டம்! 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். செம்பரம்பாக்கம் ஆலையின் ஒரு நாள் திறனுக்கு ஈடுகட்ட இதுபோல 212 ரயில்கள் வேண்டும். மாலை போட வேண்டுமென்றால் அந்த ஆலையின் பம்புகளுக்குத்தான் போட வேண்டும், போங்கள்.

பஞ்ச காலங்களில் இன்னொரு சாகசமும் நடந்தது. மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. அதைச் சோதித்துப் பார்த்து, குழாய் போட்டு, செம்பரம்பாக்கம் ஆலைக்கே கொண்டுவந்து சுத்தம் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். முதலில் 2017-இல், மறுபடி 2019-இல். எத்தனையோ பேர் அந்தத் தண்ணீரில் சாம்பார் வைத்திருப்பார்கள். குவாரித் தண்ணீர் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது!

சரி, ஆலையிலிருந்து தண்ணீர் கிளம்பிவிட்டது. வழியில் எவ்வளவு காணாமல் போகிறது? துப்பறியும் கதை இங்கேதான் தொடங்குகிறது. குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் பழைய ஆயுதம் ஒரு நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனையைக் குழாயிலோ வால்விலோ ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பூமிக்கடியில் கசிந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும். லாரியும் ஷேர் ஆட்டோவும் அடங்கிய நடுராத்திரிதான் இதற்குத் தோது. அதே நேரத்தில் ஊருக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றும் அளப்பார்கள். எல்லோரும் தூங்கும்போதும் குழாயில் ஓட்டம் இருந்தால், அதில் பெரும்பங்கு கசிவுதானே?

நம்ம ஊரில் இந்தக் கணக்கு பலிப்பதில்லை. இங்கே தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. வரும் நேரத்தில் வீட்டுக்கு வீடு சம்ப் நிறையும். அது நடுராத்திரியாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும் புண்ணியவான்கள் வேறு. தண்ணீர் நின்ற வெறுங்குழாயில் மோட்டார் இழுத்தால், பக்கத்துச் சாக்கடை விரிசல் வழியாக உள்ளே வரும். நாற்றமடிக்கும் தண்ணீருக்குக் குடிநீர் வாரியத்தைத் திட்டுகிறோம். சில சமயம் குற்றவாளி அடுத்த வீட்டு அரை குதிரைத்திறன்!

இதையெல்லாம் மார்க் போட்டு அளக்க ஒரு பரீட்சை உண்டு. மத்திய நகர்ப்புற மேம்பாட்டு அமைச்சகம் 2008-இல் வெளியிட்ட சேவைத் தர அளவுகோல்கள். மொத்தம் 28: குடிநீருக்கு 9, கழிவுநீருக்கு 9, குப்பைக்கு 8, மழைநீர் வடிகாலுக்கு 2. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், எல்லா வீட்டுக்கும் இணைப்பு, எல்லா இணைப்புக்கும் மீட்டர், 24 மணி நேர விநியோகம், வருமானம் தராமல் போகும் தண்ணீர் 20 சதவீதத்துக்குள். இப்படிப் போகிறது இலக்குப் பட்டியல். நால்வர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர் என்று வைத்துப் பாருங்கள், கேன் தண்ணீர் வாங்கும் அம்பத்தூர்க்காரர் சிரித்துவிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி அந்தப் பரீட்சையின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று ஏ முதல் டி வரை இன்னொரு மார்க்! மீட்டர் வைத்து முறையாக அளந்து சொன்னால் ஏ. குத்துமதிப்பாகச் சொன்னால் டி. மீட்டரே இல்லாமல் கசிவு 15 சதவீதம்தான் என்று மார்தட்டும் ஊரைவிட, 40 சதவீதம் இருக்கலாம், அதுவும் டி தரக் கணக்கு என்று ஒப்புக்கொள்ளும் ஊர்தான் உருப்படும் என்பது என் கட்சி.

மேற்குப் புறநகரில் இந்தப் பரீட்சை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் நோட்டுப் புத்தகங்கள் பல. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து 7-ஆவது மண்டலமானது. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பாடு. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு நீர்வளத் துறையின் கையில். ஒரு ஊரின் சாக்கடை அடுத்த ஊரின் ஏரியில் போய் விழும்போது எந்த நோட்டில் எழுதுவது? கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது சும்மா இல்லை.

கழிவுநீர்ப் பக்கமும் எட்டிப் பார்ப்போம், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்! சென்னை தட்டையான ஊர். சாக்கடைக் குழாய் சரிவாகப் போகப் போக ஆழம் கூடிவிடும். அங்கங்கே கழிவுநீரேற்று நிலையம் வைத்துத் தூக்கிவிட வேண்டும். அதன் வாசலில் ஒரு கம்பி வலை. பால் பாக்கெட், டயாபர், துணி, நாப்கின் என்று நாம் கழிப்பறையில் போட்ட சகலமும் அங்கே காட்சிக்கு இருக்கும். அடைப்பு எடுக்க ஜெட்ராடிங் வண்டி, வண்டலை உறிஞ்ச சூப்பர் சக்கர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. எங்காவது அப்படி இறக்குவதைப் பார்த்தால் வேடிக்கை பார்க்காமல் 14420-க்குப் போன் போடுங்கள்.

கடைசித் திருப்பம் கோயம்பேட்டில். 2019-இல் அங்கே தொடங்கிய நிலையம், நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை ஏற்றிச் சுத்தமாக்கி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறது. நீங்கள் காலையில் ஃப்ளஷ் செய்தது ஒரு புத்தம்புதுக் காரைத் தயாரிக்கப் பயன்பட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், நிஜம்! அவ்வளவு நல்ல தண்ணீர் ஏரியில் மிச்சமாகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேனே: அந்த 28 அளவுகோல்களில் புகார் தீர்வுக்கும் மார்க் உண்டு, இலக்கு 80 சதவீதம். வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் எந்த நோட்டிலும் ஏறாது. அம்பத்தூர்க்காரர்கள் குடிநீர் வாரியத்தின் 1916-ஐக் கூப்பிடுங்கள். ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் அவரவர் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கே சொன்னாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.