ஜாக்சனில் கௌபாய் எங்கே?

யெல்லோஸ்டோன் போகிற வழியில் இரண்டு நாள் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சனில் தங்கினோம். ஊருக்குள் நுழைந்ததும் பையன் கேட்டான்: "அப்பா, கௌபாய் எங்கே?" மரப்பலகை நடைபாதை இருக்கு, சலூன் இருக்கு, கடைக்குக் கடை பூட்ஸும் தொப்பியும் இருக்கு. மாட்டைத்தான் காணோம். ராத்திரி லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தக் கொம்பு வளைவுகள். டவுன் ஸ்கொயரின் நாலு மூலையிலும் எல்க் மான் கொம்புகளை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முதல் வளைவு 1953-ல் வந்தது. மானைக் கொன்று எடுத்ததல்ல. எல்க் வருஷா வருஷம் கொம்பை உதிர்க்கும். ஊரை ஒட்டியே 1912-ல் தொடங்கிய எல்க் சரணாலயம் இருக்கிறது. அங்கே உதிர்ந்ததைச் சாரணச் சிறுவர்கள் பொறுக்கி மே மாதம் ஏலம் விடுகிறார்கள்.

அடுத்து "மில்லியன் டாலர் கௌபாய் பார்". 1937-லிருந்து இருக்கிறது. ஸ்டூலுக்குப் பதில் குதிரைச் சேணம். பையன் ஏறி உட்காரணும் என்றான், வயசு பத்தாதே. பக்கத்துக் கடையில் ஒரு தொப்பியின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தேன்.

சரி, மாடு எங்கே போச்சு? 1927 முதல் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர், தன் பெயர் வெளியே தெரியாமல், "ஸ்நேக் ரிவர் லேண்ட் கம்பெனி" மூலம் பண்ணைகளை வாங்கிச் சேர்த்தார், சுமார் 35,000 ஏக்கர். பெரிய ஆள் என்று தெரிந்தால் விலை ஏறிடும் இல்லையா? நிலத்தைத் தேசியப் பூங்காவுக்குத் தருவதுதான் திட்டம். விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. 1943-ல் அங்கே தேசிய நினைவிடம் அறிவிக்கப்பட்டபோது, நடிகர் வாலஸ் பீரியும் பண்ணைக்காரர்களும் துப்பாக்கியோடு நூற்றுக்கணக்கான மாடுகளை அனுமதியில்லாமல் அதன் குறுக்கே ஓட்டிப் போனார்கள். கடைசியில் 1950-ல் எல்லாம் கிராண்ட் டீட்டன் பூங்காவோடு சேர்ந்தது.

இன்று டீட்டன் கவுன்ட்டியில் ஏறக்குறைய 97 சதவீதம் மத்திய அரசு நிலம். மீதி 3 சதவீதத்தில்தான் வீடு, கடை, பள்ளிக்கூடம், பண்ணை எல்லாம். வயோமிங்கில் மாநில வருமான வரியும் கிடையாது. நிலம் குறைவு, வரி இல்லை, ஜன்னலைத் திறந்தால் டீட்டன் மலை. பணக்காரர்கள் வராமல் என்ன செய்வார்கள்? தனிநபர் வருமானத்தில் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் நிற்கும் கவுன்ட்டி இது. பூங்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அது இல்லையென்றால் அந்த 97 சதவீதமும் பங்களாவாகியிருக்கும்.

அடி விழுவது வேறு இடத்தில். காலையில் எங்களுக்குப் பான்கேக் கொண்டுவந்த பெண் இருப்பது இடாஹோ மாநிலத்தின் விக்டரில். தினமும் டீட்டன் கணவாயைத் தாண்டி வருகிறார். 2024 ஜூனில் அந்தக் கணவாய்ச் சாலையின் ஒரு துண்டு அப்படியே சரிந்து விழுந்தது. மாற்றுப் பாதை 60 மைலுக்கு மேல் சுற்று. மூன்று வாரத்துக்குள் தற்காலிகச் சாலை போட்டுத் திறந்துவிட்டார்கள். அந்த வேகத்துக்குக் காரணம் யோசித்தால் புரியும்: சமைக்க, பெருக்க, நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் பெரும் பங்கு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. "அந்த மூணு வாரம் கார்லயே பாதி நாள் போச்சு" என்றார் அவர்.

கிளம்பும்போது ஸ்பிரிங் கல்ச் சாலை வழியாக வண்டியை விட்டேன். அங்கே இன்னும் பண்ணைகள் மிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்பு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பையன் எண்ண ஆரம்பித்தான். இருபத்து மூணு வரை வந்தபோது பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார்.