பழைய கேள்வித்தாள் கை கொடுக்குமா? காலை வாருமா?

ஒரே ஒரு கேள்வி. 4 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவ-மாணவிகளின் மார்க்கை அது குறைத்துவிட்டது!

2024-ம் ஆண்டு மே மாதம் மருத்துவக் கல்லூரியில் சேருவதற்கான "நீட்" தேர்வு நடந்தது. அதில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்பது சரியா, தப்பா?

பழைய பாடப் புத்தகத்தைப் படித்தவர்கள் சரி என்றார்கள். புத்தகம் அப்படித்தான் சொன்னது. புதிய பதிப்பு, பெரும்பாலான தனிமங்கள் என்று திருத்திக்கொண்டது. ரேடியம் அணு தானே சிதைகிறதே!

முதலில் இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஜூலை மாதம் ஆராய்ந்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். பழைய புத்தகத்தை நம்பியவர்களுக்குக் கிடைத்த 4 மார்க் போயிற்று. தப்பு விடைக்காக இன்னும் 1 கழிந்தது. ஆக 5!

அதற்காகப் பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். நியூட்டன் விதியும் ஓம் விதியும் மாறவில்லை. கேள்வி கேட்கும் தோரணையும் பெரிதாக மாறவில்லை. பழகப் பழகக் கை ஓடும்.

ஆனால் சலித்து எடுக்க வேண்டும். 2024-ம் ஆண்டுத் தேர்வுக்குப் பாடத்திட்டம் சுருங்கியது. ரசாயனத்தில் திட நிலை, பாலிமர், உயிரியலில் செரிமானம் முதலியவை நீங்கின. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கிய கேள்விகளைப் பென்சிலால் அடித்துவிடலாம்.

நேரக் கணக்கும் வேறு. 2022 முதல் 2024 வரை 200 கேள்வி தந்து, 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். நேரம் 200 நிமிஷம். 2025-ல் 180 கேள்வி, 180 நிமிஷம். பிடித்ததைப் பொறுக்க வழியில்லை. எனவே பழைய தாளை எழுதினாலும் கடிகாரம் புதியதாக இருக்கட்டும்.

விடைப் பக்கத்தைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவது உத்தமம். கையில் இருந்தால் கண் அங்கேதான் போகும்! கைடு புத்தகங்களின் விடையிலும் தப்பு உண்டு. தேசியத் தேர்வு முகமை வெளியிட்ட இறுதி விடையோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

கடைசி இரண்டு ஆண்டுகளின் தாள்களை முதலிலேயே தொட வேண்டாம். அவற்றைத் தேர்வுக்கு முந்திய மாதத்தில், பிற்பகல் 2 மணிக்கு உட்கார்ந்து முழுதாக எழுதலாம். 2025-ல் தேர்வு நடந்ததும் அந்த நேரத்தில்தான்.