மூட்டையும் இளவட்டக்கல்லும் கற்றுத்தரும் வலிமைப் பயிற்சி

வலிமைப் பயிற்சியின் அடிப்படை முறைகள் பலவும் ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே புழக்கத்தில் இருந்தன. சுமை தூக்கிப் பிழைத்தவர்களும் திருவிழாவில் கல் தூக்கியவர்களும் செய்து பார்த்துச் செய்து பார்த்துத் தேர்ந்தெடுத்தவை அவை. அவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலின் விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். அதற்குக் கல் ஏற்றியவர்களும் பெயர் தெரியாதவர்களே. இன்று அதே வட்டாரத்தில், அரியலூர் ஆலைகளின் சிமென்ட்டையும் கொள்முதல் நிலையங்களின் நெல்லையும் சுமக்கும் தொழிலாளர்களிடம் அந்தக் கைப்பழக்கம் தொடர்கிறது. ஜிம்முக்குப் புதிதாகப் போகிறவர்கள் இவர்களைக் கூர்ந்து பார்த்தாலே பல பாடங்கள் கிடைக்கும்.

மூட்டை சொல்லும் பாடம்

சிமென்ட் மூட்டை 50 கிலோ. கொள்முதல் நிலைய நெல் மூட்டை 40 கிலோ. அனுபவமுள்ள லோடுமேன் இதைத் தரையிலிருந்து தனியாளாகத் தூக்குவதை முடிந்தவரை தவிர்ப்பார். லாரியின் தட்டு தோள் உயரத்தில் இருப்பதால், அதற்கு முதுகைக் காட்டி நின்று, இலேசாகக் குனிந்து, மேலிருப்பவர் நகர்த்தித் தரும் மூட்டையை மேல்முதுகில் வாங்கிக்கொள்வார். தரையில் கிடக்கும் மூட்டை என்றால், இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். தலைச்சுமை என்றால் சும்மாடு வைத்துக்கொள்வார்கள். சுமை ஏறியதும் எட்டி நடக்காமல், சின்னச் சின்ன அடியாக வேகமாக நடப்பார்கள்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் தெளிவான இயற்பியல் இருக்கிறது. முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்த எடை, 10 சென்டிமீட்டரில் பிடித்த அதே எடையைவிட ஐந்து மடங்கு திருப்புவிசையை இடுப்பில் ஏற்றும். சுமையை உடம்போடு ஒட்டி வைத்தால் இடுப்பு தப்பிக்கும். பார்பெல்லைக் காலோடு உரசியபடி தூக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் கற்பிப்பதும் இதையேதான்.

கல் ஏறும் படிகள்

தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்னும் உருண்டைக் கல் உண்டு. இதைத் தூக்கும் இளைஞனுக்கே பெண் கொடுப்பார்கள் என்று ஊர்வழக்கில் சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி இந்தப் போட்டி நடக்கிறது. பெண்களும் கலந்துகொள்கிறார்கள்.

வழுவழுப்பான கல்லில் பிடிமானமே இருக்காது. அதனால் ஒரே மூச்சில் தூக்க முடியாது. முதலில் குந்தி, இரு கைகளாலும் கல்லை அணைத்து, தொடைமேல் ஏற்ற வேண்டும். அங்கே நிறுத்தி மூச்சு வாங்கி, பிடியை மாற்றி, கல்லை நெஞ்சோடு சேர்த்தபடி எழ வேண்டும். இடுப்பை முன்தள்ளும் வேகத்தில் கல் தோளுக்கு ஏறும். பிறகு பின்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் உழைக்கும் தசை வேறு: தொடையும் பிட்டமும், முதுகு, கை, கடைசியில் தோள். பெரிய வேலையைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூச்சை ஒதுக்குவதே இதன் நுட்பம்.

கற்களின் வரிசையும் ஒரு பாடம்தான். இளவட்டக்கல் பல எடைகளில் இருக்கும். சிறியதில் தேறியவரே பெரியதைத் தொடுவார். ஐஸ்லாந்தின் திரித்வீக் கடற்கரையில் மீனவர்களின் பலத்தைச் சோதித்த நான்கு கற்களும் இப்படித்தான்: 23, 54, 100, 154 கிலோ. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள் ஒரே முறையைக் கண்டடைந்திருக்கின்றன.

மருத்துவம் வந்து சேர்ந்த இடம்

எடையைப் படிப்படியாகக் கூட்டும் இந்த முறைக்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்கு எடைப் பயிற்சி அளித்து, 1945இல் அதை வெளியிட்டார். பிறகு அம்முறை எளிமையாக்கப்பட்டது: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டறிந்து, அதில் பாதி, முக்கால், முழுமை என மூன்று சுற்றுகள் செய்வது. டிலோர்ம் தாமும் எடை தூக்கியவர்.

கர்லாக்கட்டையும் சாமானியர்கள் தந்த கொடைதான். இந்தியப் பயிற்சிக்கூடங்களில் மல்லர்கள் சுழற்றியதைக் கண்ட ஆங்கிலேயப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. கற்றுக்கொடுத்த மல்லர்களின் பெயர்தான் பதிவாகவில்லை.

கொள்வதும் தள்ளுவதும்

சாமானியர் செய்வது எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பு போனவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவதால், களத்தில் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே கண்ணில் படுகிறார்கள். லோடுமேனுக்கு ஓய்வு நாளும் சுமை அளவும் அவர் கையில் இல்லை. வேலை அளவுக்கு மிஞ்சினால் உடம்பு தேயும். ஆண் தொழிலாளி வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்ததன் காரணமும் இதுவே. பயிற்சி செய்பவருக்கு ஓய்வு எடுக்கும் உரிமை இருக்கிறது. அதை அவர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு முறையை ஏற்கும் முன் மூன்று கேள்விகள் உதவும். பல ஊர்களில், பல உடல்வாகு உள்ளவர்கள் இதையே செய்கிறார்களா? ஏன் இப்படி என்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டா? குறைந்த எடையில் செய்தபோது வலியின்றி முடிந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது கொள்ளத்தக்கது.

தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேனில் 5 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 5 கிலோ. குந்தி, நெஞ்சோடு அணைத்து எழும் பயிற்சியைப் பத்து முறை சிரமமின்றிச் செய்ய முடிந்தால், அடுத்த வாரம் ஒரு லிட்டர் கூட்டலாம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுவது நல்லது. மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென எகிறும்; இரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்று வலித்தாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும்.