புலம்பெயர் புதுவர்: சிலப்பதிகாரம் காட்டும் புதுநகர் வாழ்வும் உளநலத் துணைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்விட்டு ஊர் சென்று புதிய நகரில் வாழத் தொடங்குவோர் அடையும் மன அழுத்தம், தற்கால உளவியலும் சமூகவியலும் விரிவாக ஆராயும் பொருளாகும். புகாரிலிருந்து மதுரைக்குப் பெயர்ந்த கோவலன், கண்ணகி ஆகிய இருவரின் வரலாற்றில் இப்பொருள் நுட்பமாகப் பதிவாகியுள்ளது. ஜேம்ஸ் ஹவுஸ் வகுத்த நால்வகைச் சமூகத் துணைகளைக் கொண்டு மதுரைக் காண்டத்தின் காதைகள் சிலவற்றை இக்கட்டுரை நோக்குகிறது. அவற்றுள் மூன்று துணைகள் அவ்விருவருக்கும் கிட்டியதையும், நான்காவதாகிய தகவல் துணை கிட்டாமற் போனதையும் விளக்கி, இன்றைய புதுநகர் வாழ்வில் உளநலம் பேணுவதற்கு அது தரும் தெளிவைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், இடப்பெயர்வு, உளநலம், சமூகத் துணை, அடைக்கலம், புலம்பெயர் புதுவன்.

முன்னுரை

கல்வி, பணி, வணிகம், குடும்பச் சூழல் எனப் பல காரணங்களால் மக்கள் நகரங்களுக்குப் பெயர்கின்றனர். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிற்றூரிலிருந்து பெருநகர் சேரும் மாணவரும், முதற்பணி ஏற்று அறியாத ஊருக்குச் செல்லும் விரிவுரையாளரும் இவருள் அடங்குவர். புதிய இடத்தில் உறக்கம் கெடுதல், பசியின்மை, தனிமையுணர்வு, ஊர் நினைவு, தன்மதிப்புக் குறைதல் ஆகியவற்றை இவர்கள் தம் மனவலிமைக் குறைவாகவே கருதிக்கொள்வதுண்டு. இடப்பெயர்வின் துயர் தனிமனிதக் குறைபாடு அன்று. உறவு வலை அறுபடுவதன் இயல்பான விளைவு அது. இதனைச் சிலப்பதிகாரம் கதைப்போக்கின் வழியே உணர்த்துகிறது. காப்பிய மாந்தரை நோயாளராகக் கண்டு நோய்க்குறி காண்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. புதுநகரில் ஒருவரைத் தாங்குவன எவை என்பதைக் காப்பியத்தின் துணைகொண்டு தெளிவதே இதன் நோக்கமாகும்.

இடப்பெயர்வும் மன அழுத்தமும்: கோட்பாட்டு நோக்கு

தாய்நாட்டைப் பிரிந்தோர் உறும் ஏக்கத்தை 1688-இல் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர் பாசல் நகரில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் ஒரு நோயாகவே விவரித்தார். 1960-இல் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், பழகிய சமூகக் குறிப்புகள் யாவும் ஒருங்கே மறைவதால் எழும் பதற்றத்தைப் பண்பாட்டு அதிர்ச்சி என விளக்கினார். எப்போது வணங்குவது, எவரை நம்புவது, எதற்கு எவ்வளவு விலை தருவது போன்ற சிறு அறிவுகளே அன்றாட வாழ்வைத் தாங்குகின்றன என்பது அவர் கருத்தின் சாரமாகும்.

1967-இல் ஹோம்ஸ், ராகே ஆகிய இருவரும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். அதில் இருப்பிட மாற்றத்திற்கு 20, வாழ்க்கைச் சூழல் மாற்றத்திற்கு 25, பொருளாதார நிலை மாற்றத்திற்கு 38, பிரிந்த இணையர் மீண்டும் சேர்வதற்கு 45 என மதிப்புகள் தரப்பட்டுள்ளன. இவ்வெண்கள் அமெரிக்கச் சூழலில் உருவானவை. பழந்தமிழ்க் காப்பியத்திற்கு அவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும் அவ்வளவுகோல் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. மகிழ்ச்சி தரும் மாற்றமும் மனத்திற்குச் சுமையாகலாம். மாற்றங்கள் ஒருங்கே நிகழும்போது சுமை பெருகும். கோவலன், கண்ணகி வாழ்வில் இந்நான்கு மாற்றங்களும் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

இச்சுமையைத் தாங்க உதவுவது சமூகத் துணை. ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் வெளியிட்ட நூலில் அதனை நான்காகப் பகுத்தார். அன்பும் நம்பிக்கையும் அளிப்பது உணர்வுத் துணை. உணவு, இடம், பொருள், உழைப்பு ஆகியவற்றால் உதவுவது செயல் துணை. ஒருவர் தம்மைச் சரியாக மதிப்பிட்டுக்கொள்ள உதவுவது மதிப்பீட்டுத் துணை. சிக்கலைத் தீர்க்க வேண்டிய செய்தியும் வழிகாட்டலும் தருவது தகவல் துணை.

புகாரை நீங்கிய நிலை

குலப்பொருளை இழந்தமை தனக்கு நாணம் தருவதாகக் கோவலன் கண்ணகியிடம் கூறுகிறான். சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் வணிகம் செய்து இழந்ததை ஈட்டலாம் என்னும் எண்ணத்துடன் இருவரும் வைகறைக்கு முன்பே, பெற்றோருக்கு அறிவிக்காமல் புறப்படுகின்றனர். நாணத்தால் நேரும் இடப்பெயர்வில், புறப்படும்போதே பழைய உறவுகளின் துணையும் அறுபடுகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் மடலுடன் வரும் கோசிகமாணி, கோவலனைக் கண்டும் அவன்தானோ என ஐயுறும் அளவிற்கு அவன் தோற்றம் மாறியிருக்கிறது. அம்மடலையே தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு கோவலன் கூறியனுப்புகிறான். அறுந்த உறவைப் புதுநகரின் வாயிலில் நின்று மீண்டும் முடிய முயலும் செயல் இது.

வழியிடையே இருவரும் தம் துயரை ஒருவர்க்கொருவர் மறைக்கின்றனர். மதுரை எவ்வளவு தொலைவு எனக் களைப்புடன் கேட்கும் கண்ணகிக்கு, முப்பது காதத் தொலைவை அண்மையில் உள்ளதெனக் கோவலன் நகைத்துக் கூறுகிறான். பெரும்பதி ஒன்றில் புகுந்ததாகவும் அங்கே தம்மேல் பொய்ப்பழி சாற்றப்பட்டதாகவும் தான் கண்ட கனவைக் கண்ணகி தேவந்தியிடம் உரைத்தாள். மதுரைக் கோநகரில் சிறுமகன் ஒருவனால் தான் துயருறுவதாகக் கண்ட கனவைக் கோவலன் மாடலனிடம் உரைக்கிறான். இருவர் கனவும் நுழையவிருக்கும் நகர் பற்றிய அச்சமே. அவ்வச்சத்தை இருவரும் பிறரிடம் பகிர்ந்தனர். தமக்குள் பகிர்ந்துகொள்ளும் காட்சி காப்பியத்தில் இல்லை.

மாடலன் அளித்த மதிப்பீட்டுத் துணை

அடைக்கலக் காதையில் தலைச்செங்கானத்து மறையவனாகிய மாடலன், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கிறான். மதயானையிடம் சிக்கிய முதிய அந்தணனைக் காத்தது, கீரியைக் கொன்ற பழியால் கணவனைப் பிரிந்தவளுக்குப் பொருளளித்து அவர்களை ஒன்றுசேர்த்தது, பூதத்தின் பிடியில் அகப்பட்டவனுக்காகத் தன்னுயிரைத் தர முன்வந்தது ஆகிய அவனுடைய பழைய அறச்செயல்களை மாடலன் நிரல்பட எடுத்துரைக்கிறான். பொருளிழந்து, தன்னைத் தானே இகழ்ந்து நிற்கும் ஒருவனுக்கு, அவன் யார் என்பதை அவனை அறிந்த ஒருவர் நினைவூட்டுகிறார். ஹவுஸ் குறிப்பிடும் மதிப்பீட்டுத் துணைக்கு இது தக்க சான்றாகும். புதுநகரில் ஒருவரின் கடந்த கால மதிப்பை அறிந்தவர் எவருமில்லை. ஆதலால் ஊரறிந்தவருடன் பேசும் சிறு உரையாடலும் அவரை நிலைநிறுத்தும்.

மாதரி மனை: உணர்வுத் துணையும் செயல் துணையும்

இயக்கிக்குப் பால்மடை படைத்துத் திரும்பும் ஆயர் முதுமகள் மாதரியிடம் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக அளிக்கிறார். அவளை நீராட்டவும் அணிசெய்யவும் வேண்டி, தோழியாகவும் காவலாகவும் தாயாகவும் விளங்கிக் காக்குமாறு பணிக்கிறார். துணை என்பது பல பொறுப்புகளின் தொகுதி என்னும் தெளிவு அவ்வுரையில் உள்ளது.

கொலைக்களக் காதையில் மாதரி செய்வன அனைத்தும் நடைமுறை சார்ந்தவை. முள்வேலி சூழ்ந்த, பந்தருடன் கூடிய தனிமனை ஒன்றை அளிக்கிறாள். தன் மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். ஐயையை நாத்தனார் முறையில் சுட்டும் சொல் அக்காதையில் ஆளப்படுகிறது. அயலார் வீட்டில் முதல்நாளிலேயே ஓர் உறவுமுறை கிடைத்துவிடுகிறது. புதுக்கலங்களும் அரிசியும் காய்கனிகளும் பாலும் தரப்படுகின்றன. சாவக நோன்பினராகிய அவர்கள் தம் வழக்கப்படி உணவு ஆக்கிக்கொள்ள முடிகிறது. தம் பண்பாட்டைக் காத்துக்கொண்டே புதுச்சமூகத்துடன் உறவு கொள்வதை ஜான் பெர்ரி ஒருங்கிணைதல் என்பார். இணங்கிக் கரைதல், விலகி நிற்றல், இரண்டிலும் சேராது ஒதுங்குதல் ஆகிய பிற மூன்று நிலைகளினும் உளநலத்திற்கு ஏற்றது அதுவே என்பது அவர் ஆய்வுகளின் பொதுப்போக்கு. மாதரி மனையின் அடுப்படி அந்நிலைக்கு வழிவகுக்கிறது.

இப்பாதுகாப்பில்தான் மறைத்து வைத்த சொற்கள் வெளிவருகின்றன. உண்ட பின் கோவலன், பெற்றோருக்குச் செய்யும் கடமையில் தவறியதை எண்ணி வருந்துகிறான். கண்ணகியும் மாமன் மாமியர் முன் தான் பூண்டிருந்த பொய்ம்முறுவலையும், கணவனின் தகாத ஒழுக்கத்தையும் வெளிப்படையாகக் கூறுகிறாள். இருப்பிடமும் உணவும் அமைந்த பிறகே மனம் பேசத் தொடங்குகிறது என்னும் வரிசைமுறை இங்குக் கருதத்தக்கது.

கிட்டாத தகவல் துணை

ஊர்காண் காதையில் கோவலன், தன் நிலையை மதுரை வணிகர்க்கு உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடம் கூறிச் செல்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி ஆகியவற்றைக் கண்டு மகிழ்ந்து மீள்கிறான். வணிகர் எவரையும் அவன் சந்தித்ததாகக் காப்பியம் கூறவில்லை. நகரைக் காண்பதும் நகரில் அறிமுகம் பெறுவதும் வேறுவேறு என்பது இதனால் விளங்கும்.

மாடலனும் கவுந்தியடிகளும் ஞாயிறு மறையுமுன் நகருள் புகுமாறு அறிவுறுத்துகின்றனர். கோவலனின் தந்தை பெயரைக் கேட்டால் அவன் குலத்து வணிகர் அரும்பொருள் பெற்றவரைப் போல எதிர்கொள்வர் என்றும், அதுவரைக்குமே இவ்வடைக்கலம் என்றும் கவுந்தியடிகள் மாதரியிடம் தெளிவுபடுத்துகிறார். ஆனால் காப்பியம் காட்டும் அம்மனையின் உணவை அடுத்தே கோவலன் சிலம்புடன் தனியே புறப்பட்டுவிடுகிறான். சிலம்பை எங்கே விற்பது, எவர் நம்பத்தக்கவர் என மாதரியிடமோ பிற ஆயரிடமோ அவன் கேட்கும் காட்சி இல்லை. எதிரே சட்டையணிந்து, கைக்கோல் ஏந்தி, கொல்லர் நூற்றுவர் பின்வர நடந்து வருபவனை, அப்புறத்தோற்றம் கொண்டே அரண்மனைப் பொற்கொல்லன் என முடிவுசெய்து நம்புகிறான்.

பொற்கொல்லன் மனத்தில் எழும் திட்டம் இங்கு இன்றியமையாதது. தான் களவு செய்த சிலம்பு பற்றிய ஐயத்தை மாற்ற அவனுக்குக் கிடைத்த வழி, எதிரே நிற்கும் ‘புலம்பெயர் புதுவன்’. ஊரில் அவனுக்காகச் சான்று கூற எவருமில்லை என்பதே அக்கொல்லனின் துணிவுக்கு அடிப்படை. கொலைக்கு வந்த காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் எனக் கூறியும் அச்சொல் எடுபடவில்லை. கோவலன் இறப்புக்குப் பொற்கொல்லனின் வஞ்சகமும் அரசன் ஆராயாது இட்ட ஆணையுமே காரணங்கள். அதனை அவனுடைய மனநிலையின் விளைவெனக் கூறுதல் பொருந்தாது. புதியவரின் தனிமை, பிறர் தீங்கிழைக்க இடந்தருகிறது என்பதே இங்குப் பெறப்படும் உண்மை.

அடைக்கலம் அளித்தோரின் துயரும் காப்பியத்தில் மறைக்கப்படவில்லை. மாதரி தீப்புகுந்ததும் கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர்நீத்ததும் நீர்ப்படைக் காதையில் கூறப்படுகின்றன. புதியவரின் நலனை ஏற்கும் சமூகத்தின் பொறுப்பாகவே இளங்கோவடிகள் கருதினார் என்பதற்கு இது வலுவான சான்று.

இன்றைய வாழ்வுக்குப் பொருத்தம்

நால்வகைத் துணைகளை, புதுநகருக்கு வரும் ஒருவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் நான்கு வினாக்களாக அமைக்கலாம். மனம் திறந்து பேச எவர் உளர்? உடல்நலம் குன்றினால் உணவு கொணர்ந்து தர எவர் உளர்? தம் தகுதியை அறிந்து எடுத்துரைக்க எவர் உளர்? வாடகை ஒப்பந்தம், கடன், மருத்துவமனை, அலுவலக நடைமுறை பற்றி ஐயமின்றிக் கேட்க எவர் உளர்? விடையில்லாத வினா எதுவோ, முதல் வாரங்களின் முயற்சி அத்திசையில் அமைய வேண்டும். நகரை அறிந்தவர் ஒருவரைக் கேட்கும்வரை பெரும்பொருள் சார்ந்த முடிவுகளைத் தள்ளிவைப்பது நன்று.

உறங்கும் நேரம், உண்ணும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துதல், பழகிய உணவைத் தானே ஆக்குதல், நூலகம் அல்லது பூங்கா போன்ற ஓரிடத்திற்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் செல்லுதல் ஆகியவை புதிய இடத்தை மெல்லப் பழகிய இடமாக்கும். வீட்டாருடன் தொலைபேசியில் பேசும்போது நலம் என்னும் ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் மூடுதல், கண்ணகியின் பொய்ம்முறுவல் போல இருபுறமும் வருத்தமே தரும்.

இடமாற்றத்தின் தொடக்கக் கால வருத்தம் பெரும்பாலோர்க்குப் படிப்படியாகக் குறையும். மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ ஏறத்தாழ நாள்தோறும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், அன்றாடப் பணிகள் தடைப்பட்டாலும் உளநல மருத்துவரை நாடுதல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒருநாளும் காத்திருத்தல் கூடாது. இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கல்வி நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. விடுதியில் இடமளிப்பதுடன் பொறுப்பு முடிவதில்லை. புதிதாகச் சேரும் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவரை முதல் மூன்று மாதங்களுக்கு வழிகாட்டியாக அமைத்தல், உதவித்தொகை, பதிவு, மருத்துவ வசதி பற்றிய செய்திகளை எழுத்தில் தருதல், நெறியாளர் ஆய்வுப்பொருளுக்கு அப்பாலும் நலம் உசாவுதல் ஆகியவை எளியவை, செலவு மிகாதவை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. இருப்பிடம், பொருள்நிலை, வாழ்க்கைச் சூழல், மணவாழ்வு ஆகியவற்றில் ஒருங்கே நேர்ந்த மாற்றங்களின் சுமையைக் கோவலன், கண்ணகி வரலாறு காட்டுகிறது.

2. மாடலன் மதிப்பீட்டுத் துணையும், கவுந்தியடிகளும் மாதரியும் ஐயையும் உணர்வுத் துணையும் செயல் துணையும் அளித்தனர். இவை அமைந்த மனையிலேயே இருவரும் தம் மனத்துயரை வெளியிட்டனர்.

3. வணிகர் அறிமுகமும் நகர்நிலை பற்றிய செய்தியும் கிட்டாமையால், கோவலன் சான்று கூறுவார் இல்லாத புதுவனாகவே கடைவீதியில் நின்றான்.

4. புதுநகரில் உளநலம் பேணுதல் பெயர்ந்து வந்தவரின் முயற்சியும் ஏற்கும் சமூகத்தின் கடமையும் இணைந்த செயலாகும். மாதரியின் மனையிலிருந்து கடைவீதிவரை உடன் நடக்க ஒருவர் இருந்திருப்பின் என்னும் எண்ணம், இன்று புதியவரை எதிர்கொள்ளும் ஒவ்வொரு துறைக்கும் விடுதிக்கும் உரியதாகும்.