படைத்தவன் கடமை

விஞ்ஞானம் மனிதனுக்கு ஆற்றலைத் தருகிறது. அவ்வாற்றலால் ஆக்கப்பெற்ற ஒன்றுக்குப் பொறுப்பேற்பவர் யார்? இவ்வினாவை எழுப்பும் கதைகளுள் தலைசிறந்தது ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் ஆங்கில நாவல். இதனை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லி அம்மையாருக்கு வயது 18.

மேரி 1797ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். பெண்களின் உரிமைக்காக வாதாடி நூல் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அவருடைய தாய். மகளை ஈன்ற சில நாட்களில் அவ்வம்மையார் உயிர் நீத்தார். மேரி 1815இல் பெற்ற முதற்குழந்தையும் நெடுநாள் வாழவில்லை. உயிரின் வருகையில் உள்ள இடரையும், தாயில்லாப் பிள்ளையின் துயரையும் அவர் தம் வாழ்விலேயே கண்டவர்.

1816ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தார். அங்கிருந்தோர் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுத வேண்டும் என்றார் கவிஞர் பைரன். இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி முன்னரே காட்டியிருந்தார். இத்தகைய ஆராய்ச்சிகளைப் பற்றிய பேச்சினிடையே மேரியின் கதை முளைத்தது.

விக்டர் பிராங்கென்ஸ்டைன் என்னும் மாணவன், பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு ஓர் உருவத்தை அமைத்து உயிரூட்டுகிறான். அது கண் விழித்ததும் அதன் தோற்றத்தை அருவருத்து ஓடிவிடுகிறான். அதற்கு அவன் ஒரு பெயரும் இடவில்லை. அவ்வுயிரோ பிறவியிலேயே கொடியதன்று. ஒரு குடிசையில் வாழ்ந்தோரை மறைந்திருந்து கவனித்து மொழி கற்றது. இரவில் அவர்களுக்கு விறகும் சேர்த்து வைத்தது. ஆயினும் மக்கள் அதனை வெறுத்து விரட்டினர். அவ்வெறுப்பே அதன் உள்ளத்தில் வஞ்சமாக வளர்ந்தது. அது விக்டரின் தம்பியைக் கொன்றது. அக்கொலைப் பழியைச் சுமந்து, குற்றமற்ற ஜஸ்டின் என்னும் பணிப்பெண் தூக்கிலேறினாள். உண்மையை உணர்ந்திருந்தும் விக்டர் ஊரறியச் சொல்லவில்லை.

பின்னர் அவ்வுயிர், தனக்கொரு துணைவியைப் படைத்துத் தருமாறு விக்டரை வேண்டியது. அவனும் இசைந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்கனித் தீவுகளுள் ஒன்றில் பணியைத் தொடங்கினான். ஆனால், ‘இவள் தானே சிந்தித்து, நாம் செய்த உடன்பாட்டை மறுத்தால் என்ன செய்வது? இவர்களின் சந்ததி பெருகினால் உலகம் என்னாகும்?’ என்று அஞ்சி, முற்றுப்பெறாத அவ்வுருவைச் சிதைத்தான். அதற்குப் பழியாக, மணநாள் இரவில் அவன் மனைவி எலிசபெத் கொல்லப்பட்டாள்.

விக்டரின் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. எனினும், ஆணைப் படைத்தபோது அவன் உள்ளத்தில் எழாத வினாக்கள் பெண்ணைப் படைக்கும்போதே எழுந்தன. அவன் தவற்றுக்கு உயிரைக் கொடுத்தவர்களுள் இரு பெண்களும் இருந்தனர். உயிர் தருவது படைப்பின் ஒரு பாதி. பேணி வளர்ப்பது மறுபாதி. அம்மறுபாதியைப் பெண்களின் வேலை என்று உலகம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. தாயின்றி உயிரைப் படைத்த விக்டர், தாயின் கடமையையும் தானே ஏற்றிருக்க வேண்டும்.

இந்நாவல் 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. மேரியின் கணவரான கவிஞர் ஷெல்லியே இதனை எழுதினார் எனப் பலர் எண்ணினர். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் மேரியின் பெயர் இடம்பெற்றது.

1996இல் ஸ்காட்லாந்தில், வளர்ந்த ஆட்டின் உயிரணுவிலிருந்து டாலி என்னும் ஆட்டுக்குட்டி உருவாக்கப்பட்டது. கற்பனையாக இருந்தவை இவ்வாறு ஒவ்வொன்றாக மெய்யாகின்றன. ஆதலின், ‘நம்மால் படைக்க இயலுமா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘படைத்தபின் பேணுவோமா?’ என்றும் முன்கூட்டியே கேட்பது அறிஞர் கடமையாகும்.